தலைக்கவசத்துக்குள் முதலாளி

பத்து பாகாட் நகரில் தம் பழைய துணி ஆலையின் கூடமொன்றை அருங்காட்சியகமாக மாற்றிய முதலாளி, முதல் கண்காட்சியை அமைக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். பொருளை நானே தேர்ந்தேன்: விண்வெளிப் போட்டியின் காலத்தில் இரு வல்லரசுகளும் அச்சிட்ட பரப்புரைச் சுவரொட்டிகள். அவற்றில் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். சுத்தியல் ஏந்திய தொழிலாளி பார்ப்பார். குழந்தையை ஏந்திய தாய் பார்ப்பாள். திரும்பிவர வழியின்றி விண்வெளிக்கு அனுப்பப்பட்ட நாயும் பெருமிதத்தோடு பார்க்கும்.

ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று கேள்விகள் இடம்பெற வேண்டும் என்று விரும்பினேன். இப்படம் எதை நம்பச் சொல்கிறது? எதை மறைக்கிறது? இதை வரையச் சொன்னவர் யார்? இவை இல்லையேல், பழைய பரப்புரையையே மறுபடியும் சுவரில் ஒட்டியவன் ஆவேன்.

"சனங்க படம் பார்க்க வராங்க சார். நீங்க பரீட்சை வைக்கிறீங்க," என்றார் முதலாளி. நெடிய வாதத்துக்குப் பின், கேள்விகள் எழுதிய ஒரே ஓர் அட்டைக்கு இசைந்தார். அதுவும் கடைசிச் சுவரில், கழிப்பறைக்குப் போகும் வழியில்.

திறப்பு விழாவன்று காலை கூடத்துக்குள் நுழைந்தேன். வாயிலுக்கு நேரே இரண்டாள் உயரத்தில் விண்வெளி வீரர் கையுயர்த்தி நின்றார். நான் தேர்ந்தெடுத்த படந்தான். தலைக்கவசத்துக்குள் மட்டும் முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார், கழுத்தில் ரோஜா மாலையோடு.

தேர்தலுக்கும் திருமணத்துக்கும் பேனர் அடிக்கும் அச்சக்காரர் அதன் ஓரங்களை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி போன் பண்ணிச் சொன்னாரு சார். கீழ வட்டத்துக்குள்ள உங்க படத்தைச் சின்னதா போடுறேன், அதான் வழக்கம்னு சொல்லிப் பார்த்தேன். ஹெல்மெட்டு சும்மாதானே இருக்குன்னுட்டாரு."

"சும்மா இல்லைங்க. உள்ள ஒருத்தர் இருந்தாரு."

"அவர இங்க யாருக்குத் தெரியும்?"

"மாலையையாவது எடுத்திருக்கலாமே."

"எடுத்துப் பார்த்தேன் சார், கழுத்தும் சேர்ந்து போயிருச்சு. அடுத்த படத்துல நாய்க்குக்கூட கொஞ்சம் வெளிச்சம் கொடுத்திருக்கேன், பாருங்க."

ஒரு மூலையைப் பிடித்து உரித்தேன். சுவரின் சாயமும் கூடவே வந்தது. வேறு வழி தோன்றாமல், கழிப்பறை வழியில் இருந்த என் ஒரே அட்டையைக் கழற்றி வந்து முதலாளியின் விண்வெளிக் காலணிகளுக்குக் கீழே மாட்டினேன்.

முதலில் வந்தவர்கள் சிம்பாங் ரெங்கம் ஊர்த் தேவாலயத்தின் மாதர் குழுவினர். முதலாளி படத்தருகிலேயே நின்று அவர்களை வரவேற்றார். குழுவின் தலைவி அட்டையை உரக்கப் படித்தார்.

"எதை நம்பச் சொல்கிறது... நீங்க நிலாவுக்குப் போயிருக்கீங்களா?"

"எனக்கு ஏரோப்ளேனே பயம்மா."

"எதை மறைக்கிறது..." அவர் படத்தைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார். "தொப்பைய மறைச்சிட்டாங்க."

பெண்கள் சிரித்தார்கள். முதலாளி தம் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு அவர்களை விட உரக்கச் சிரித்தார். மூன்றாம் கேள்வியைத் தலைவி படிக்கவே அவர் விடவில்லை. "நான்தான், நான்தான்," என்று மார்பைத் தொட்டுக் காட்டினார்.

அவர்கள் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். அங்கே அட்டை இல்லை. ஆயினும் தலைவி நாயின் முன் நெடுநேரம் நின்றார்.

"திரும்பி வராதுன்னு தெரிஞ்சுதானே அனுப்பினாங்க? இத யாரு இப்படிச் சிரிக்க வெச்சது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களைப் பின்தொடர்ந்து வந்த முதலாளி, பதில் தேடுபவர்போல் நாயின் கீழே வெறுஞ்சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஏன் சார், நாய்க்கு அட்டை இல்ல?"

அவருடைய விண்வெளிக் காலணிகளுக்குக் கீழே தொங்கிய ஒரே அட்டையைக் கைகாட்டினேன்.

"எல்லாத்துக்கும் போட்டுருங்க சார். என்னோடது மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."