தையல்நாயகி பரீட்சைக்குப் போன வண்டி

இது நடந்த கதை, சத்தியமாக நடந்தது. இதில் கால்வாசி நான் சேர்த்தது. எந்தக் கால்வாசி என்று கேட்காதீர்கள், எனக்கே மறந்துவிட்டது. ஆனால் வாந்தி மட்டும் முழு உண்மை. என் குதிரைவண்டியைக் கழுவியவன் நான்தான்.

நெரவி தையல்நாயகிக்கு அப்போது இருபத்துநாலு வயது. காரைக்கால் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலைக்குப் படித்தாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் கடகடவென்று ஒப்பிப்பாள். டாக்டர் எதிரே நின்று வாயால் பதில் சொல்லும் பரீட்சை என்றால் மட்டும் அவள் மூளை கடையைச் சாத்திவிடும். இரண்டு வருஷம் தோற்றாள். இரண்டு தடவையும் என் வண்டிதான். நெரவியில் ஆரம்பித்த வாந்தி காரைக்கால் வந்துதான் நின்றது. என் குதிரையே வண்டியை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது. மூன்றாவது தடவையும் தோற்றால் பெயரை அடித்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அது ஐம்பத்தாறாம் வருஷம், ஆனி மாதம். அவள் பயத்தைப் போக்கக் கிளம்பிய இரண்டு பேர் இதோ இந்த வண்டிப்பேட்டையில்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கறிக்கடை காதர் பாட்சா, மூளைக்கு மூளைதான் மருந்து என்று நாற்பது நாள் ஆட்டுமூளை கொடுத்தனுப்பினார். அரைவேக்காடாகத்தான் விழுங்க வேண்டுமாம். வைத்தியர் சண்முகசுந்தரம் தலைச்சூடு தணிய எண்ணெய் காய்ச்சினார். அதில் என்ன செத்துக் கிடந்ததோ, அவள் தலையில் தேய்த்தால் காரைக்கால் தாண்டிப் பூவம் வரைக்கும் நாய்கள் ஊளையிடும்.

பரீட்சையன்று அந்த மூளையும் அந்த எண்ணெயும் சேர்ந்து என் வண்டியில் ஏறின. வழியெல்லாம் குறுவை நடவு.

"வண்டிய நிறுத்துங்கண்ணே, வருது."

இறங்கி வரப்பில் குனிந்தாள். மஞ்சளாக, கொழகொழவென்று... வேண்டாம், நீங்கள் சிலர் இன்னும் சாப்பிடவில்லை. வாயைக் கொப்பளித்தவள் வண்டிக்குத் திரும்பவில்லை. சின்ன வயதிலிருந்து நட்ட கை அது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, நடவுப் பெண்களோடு நிரையில் நின்று நாற்று நட ஆரம்பித்தாள். நேரமாகிறது என்று கத்தினேன். மூன்று கட்டு நாற்றை நட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இப்ப போவலாம்ணே. படபடப்பு நின்னுடுச்சு."

முழங்கால்வரை சேறு. வாந்திக்குப் பதில் சேற்றைக் கழுவுவது என் தலையெழுத்து.

பரீட்சை அறையில் டாக்டர் கேட்கக் கேட்க அவளுடைய வலது கை விரல்கள் தொடையில் நாற்று நட்டுக்கொண்டே இருந்தனவாம். பதிலை எழுதி மறைத்திருக்கிறாளோ என்று நர்சம்மா சேலை மடிப்பை உதறிப் பார்க்க, காய்ந்த சேறுதான் கொட்டியதாம். விரல் நட நட, வாய் பதில் சொன்னது. தேறிவிட்டாள். இன்று ஊரில் தவழும் பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்ததுதான்.

"நம்ம மூள வேல செஞ்சிருக்கு, பாத்தியளா" என்றார் காதர் பாட்சா.

"அந்த மூளதான் வரப்புல கெடந்துச்சே, பாய். தலையில நின்னது என் எண்ணெ."

"வைத்தியரே, ஒங்க எண்ணெ நாத்தத்துலதான் அந்தப் புள்ள வாந்தியே எடுத்துச்சு."

வைத்தியர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பாட்சா கைலியை மடித்துக் கட்டினார். நடவுதான் காரணம் என்று நான் குறுக்கே போனேன். அந்த நடவுதான் நான் சேர்த்த கால்வாசி என்பதில் மட்டும் இருவரும் ஒன்றானார்கள். அதற்குள் யாரோ என் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.