நாலடி மூன்றங்குலப் பேத்தியோடு ரோலர் கோஸ்டருக்கு: விருத்தாசலத்திலிருந்து 318 கிலோமீட்டர்

எங்கள் வீட்டில் ஒரு பயணம் முடிவாக வேண்டுமென்றால் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். ஒருவர், குவைத்தில் என் மகன் குமரவேலுக்கு லீவு கொடுக்கிற மேனேஜர். அவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இருபத்தெட்டு நாள் கொடுப்பார். இன்னொருவர் நான். நான் லஞ்சம் வாங்கிக்கொண்டு சம்மதிப்பேன். இந்தத் தடவை ஆறு பாட்டில் கோடாலித் தைலம்.

இந்த மே மாதம் குடும்பத்தோடு காரில் பெங்களூரைத் தாண்டி ஒரு தீம் பார்க்குக்குப் போய் வந்தோம். பார்க்கின் பெயரை எழுத மாட்டேன். அவர்கள் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே மாதிரி திட்டம் போடுகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். போனிடம் பேசுகிறேன், அது எழுதுகிறது, பேத்தி பவித்ரா திருத்துகிறாள். பிழை இருந்தால் அவளுக்குத் தமிழ் எடுத்த டீச்சரைக் கேளுங்கள்.

போனது நாலு பேர்: நான், குமரவேல், மருமகள் சுதா, ஆறாவது முடித்திருக்கும் பவித்ரா. என் வீட்டுக்காரி மகளின் பிரசவத்துக்குத் திட்டக்குடி போயிருந்தாள். அவள் கூட இருந்திருந்தால் நான் இவ்வளவு அவமானப்பட்டிருக்க மாட்டேன். வீட்டிலேயே கண்டுபிடித்திருப்பாள்.

திட்டம் ஆறு மாதத்துக்கு முன்பே போனில் ஆரம்பித்துவிட்டது. அந்தப் பார்க்கில் தலைகீழாகச் சுற்றும் பெரிய ரோலர் கோஸ்டர் ஒன்று இருக்கிறது. அதில் அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். இதுதான் ஒப்பந்தம். ஆனால் அதில் ஏற உயரம் 140 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நம் கணக்கில் நாலடி ஏழு அங்குலம்.

அளவு என்றால் எங்கள் வீட்டில் என் இலாகா. முப்பத்து நாலு வருஷம் ஊரிலே ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைக்கும் கரண்ட் பீஸ் கட்டைக்கும் அச்சு செய்தவன். வேலையை விட்டு வரும்போது பட்டறையிலிருந்து ஒரு ரெண்டடி தேக்கு ஸ்கேல் கொண்டுவந்தேன். அதை வைத்துத்தான் நிலைப்படியில் பவித்ராவின் உயரத்தைக் கோடு போட்டு, குமரவேலுக்கு மாதாமாதம் சொல்லிவந்தேன். ஏப்ரலில் நாலடி மூணு. சென்டிமீட்டரில் நூற்று முப்பது. பத்து சென்டிமீட்டர் குறை.

"ஸ்கூல்ல நூத்தி நாப்பத்திரண்டுன்னாங்க தாத்தா" என்றாள்.

"ஸ்கூல்ல ஷூவோட அளப்பாங்க. ரெட்ட ஜடைய வேற சேத்துக்குவாங்க" என்றேன். என்னை எதிர்த்து அளவு பேசியவர்கள் யாரும் ஜெயித்ததில்லை. போன வருஷம் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்த கடைக்காரர் பேசிப் பார்த்தார். நீங்கள் எழுதிக் கொடுத்த அளவுக்குத்தான் வெட்டினேன் என்று சத்தியம் செய்தார். சீலை ஜன்னலின் அடியை எட்டாமல் அரைச் சாண் மேலே தொங்கியது. கடைவீதியில் நாலு பேர் கேட்க அவரைத் துணித் திருடன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குமரவேல் வந்து இறங்கிய அன்று பெட்டியைத் திறந்தான். மகளுக்கு ஒரு நீலக் கவுன். லேபிளில் 130 என்று இருந்தது. நான் சொன்ன அளவை வைத்து மூன்று கடை ஏறி வாங்கினானாம். போட்டுப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே வர வேண்டியது தொடையில் நின்றுவிட்டது. நான் சும்மா இருப்பேனா? பெற்ற பெண்ணின் அளவு தெரியாத அப்பன் என்று ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், இஸ்திரிக்காரரிடமும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். குமரவேலும் சிரித்தான். ராத்திரி சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் அவன் பயணத்தையே தள்ளி வைக்கலாம் என்றான். பத்து சென்டிமீட்டர் குறைந்தால் எந்தக் கேட்டிலும் விடமாட்டார்கள், அவ்வளவு தூரம் கூட்டிப்போய்ப் பிள்ளையை அழ வைப்பானேன், அடுத்த லீவுக்குப் போகலாம் என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான்.

பவித்ரா நிலைப்படியில் என் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த லீவுக்கு நான் ஒம்பதாவது போயிருப்பேன்ப்பா. அப்ப உங்கூட வரணும்னு எனக்கே தோணுமோ தோணாதோ."

குமரவேல் போனை எடுத்து வண்டிக்குச் சொன்னான். அவளால் ஏற முடியாவிட்டால் அவனும் ஏறுவதில்லை, தண்ணீரில் விளையாடிவிட்டு வரலாம் என்று முடிவு. ஷூவுக்குள் செய்தித்தாளை மடித்து வைக்கலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். சுதா பார்த்த பார்வையில் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இனி வழி. நாங்கள் எடுத்தது ஏழு பேர் உட்காரும் வண்டி, கிலோமீட்டருக்கு 15 ரூபாய், டிரைவர் பேட்டா நாளைக்கு 600. டிரைவர் ஜாபர் பாய் எங்கள் தெருக்காரர். திங்கட்கிழமை காலை 5.10க்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு 7.20. பைபாஸில் இட்லி, பொங்கல், ஐந்து பேருக்கு 430 ரூபாய். சாம்பார் சூடு, சட்னி சுமார். வாந்தி வருகிற பிள்ளை இருந்தால் இங்கே பொங்கல் கொடுக்காதீர்கள். செங்கம் தாண்டி ரோடு வளைந்து வளைந்து போகும்.

அந்த வளைவுகளில் பவித்ரா வாந்தி எடுக்கவில்லை. நான் எடுத்தேன். ஜாபர் பாய் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னார்: "அண்ணே, ரோலர் கோஸ்டரு இன்னும் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்குது. நீங்க இங்கயே ஏறி எறங்கிட்டீங்க."

கிருஷ்ணகிரி 9.50. மாம்பழ சீசன். ரோட்டோரத்தில் விலை கேட்டு, சுவைத்து, பேரம் பேசி, வாங்காமல் வருவதற்கு இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். ஓசூர் 11.15. பெங்களூருக்குள் நுழையாமல் வெளிச்சுற்றில் சுங்கம் கட்டிப் போகும் ரோட்டைப் பிடித்தோம். பார்க்குக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் ஒரு லாட்ஜ், மூன்று பேருக்கு ஒரு ரூம் 1,800, எனக்கும் ஜாபர் பாய்க்கும் ஒரு ரூம் 1,200. போய்ச் சேர்ந்தது 1.05. மீட்டரில் 318 கிலோமீட்டர். அன்று ஓய்வு. அதே நாளில் பார்க்குக்குள் ஓடாதீர்கள், காசு பாழ்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்குக் கேட்டில் நின்றோம். பவித்ரா அந்த நீலக் கவுனை ஜீன்ஸ் பேன்ட்டுக்கு மேலே சட்டை மாதிரி போட்டிருந்தாள். அப்பா வாங்கி வந்ததை ஒரு தடவையாவது போட்டுக்கொள்ள வேண்டுமாம். எங்களுக்கு ஆன்லைனில் எடுத்த டிக்கெட்: பெரியவர் இரண்டு, முதியவர் ஒன்று, சிறுவர் ஒன்று. 140க்குக் கீழே இருந்தால் சிறுவர் டிக்கெட்.

கேட்டில் அளவுக்கம்பம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் ஊத்தங்கரைக்காரி, நல்ல தமிழ் பேசினாள். பவித்ராவை நிறுத்தினாள், தலையில் கையை வைத்து அமுக்கினாள், இன்னொரு தடவை பார்த்தாள். இந்தப் பிள்ளைக்குப் பெரியவர் டிக்கெட் எடுக்க வேண்டும், 310 ரூபாய் வித்தியாசம் கட்டுங்கள் என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். எங்கள் பிள்ளை நாலடி மூணுதான், உங்கள் கம்பம் தப்பு என்று சண்டைக்குப் போனேன். ஷூவைக் கழற்றச் சொன்னேன். ஜடையை ஒதுக்கச் சொன்னேன். குதிகாலைக் கம்பத்தோடு ஒட்டச் சொன்னேன். அவள் அத்தனையும் செய்தாள். அப்போதும் தலை கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை இருந்தது. பவித்ரா என் வேட்டியைப் பிடித்து இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"தாத்தா, தயவுசெஞ்சு சும்மா இரு. நான் ஒசரமா இருக்கறேன்."

நான் விடுவேனா? ஊரான் அளவை நம்பக் கூடாது என்று என் ஸ்கேலைப் பையிலேயே கொண்டுபோயிருந்தேன். எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் சலித்துக்கொள்ளவில்லை. ஸ்கேலை வாங்கிக் கம்பத்தின் அடியிலிருந்து பக்கத்திலேயே நிறுத்தினாள். குனிந்து படித்தாள்.

"தாத்தா, ரெண்டடின்னா அறுபத்தொரு சென்டிமீட்டர். உங்க ரெண்டடி அறுபத்தேழு வருது."

குனிந்து பார்த்தேன். அப்போதுதான் ஸ்கேலின் நுனியில், மரத்தின் ரேகைக்குள், கடுகளவு சிவப்புப் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

பட்டறை வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈர மண்ணில் செய்த பொம்மை காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது சுருங்கிவிடும். பத்து அங்குலப் பொம்மை வேண்டுமென்றால் பதினோரு அங்குலத்துக்கு அச்சு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று பட்டறையில் ஒரு தனி ஸ்கேல் வைத்திருப்போம். அதில் ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் நீளம். சாதா ஸ்கேலோடு கலந்துவிடக் கூடாதென்று நுனியில் சிவப்புப் பெயின்ட் அடித்திருப்போம். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த ஸ்கேல். சுதா பல வருஷமாக அதை வைத்துத் துணி ஊறும் வாளியைக் கிண்டியதில் பெயின்ட் போய்விட்டது. கூடவே என் புத்தியும் போய்விட்டது. நான் பேத்தியைப் பச்சை மண் பொம்மையாக அளந்துகொண்டிருந்திருக்கிறேன். அவள் சரியான கணக்குக்கு நூற்று நாற்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் சொன்னதுதான்.

குமரவேலோ, மகள் போட்டிருந்த கவுனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கம் அப்பன்மார் மகனிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கமில்லை. எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவும் தெரியாது. இடுப்பிலிருந்து 310 ரூபாயை எடுத்து நானே கவுன்ட்டரில் கட்டினேன். பிறகு அவனிடம் சொன்னேன்:

"கவுனு சின்னதில்லடா. ஸ்கேலுதான் பெருசு. நீ சரியாத்தான் வாங்கியாந்துருக்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து சுதா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அந்தத் தெரச்சீல, மாமா?"

குமரவேல் சிரித்தான் பாருங்கள், வந்து இறங்கியதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையிலும் ஓயாமல் சிரித்தான்.

பெரிய ரோலர் கோஸ்டருக்கு வரிசை ஐம்பது நிமிஷம். அங்கே இன்னொரு கம்பம். பவித்ரா தானாகவே போய் ஒட்டி நின்றாள், தேறினாள். எனக்குப் பிரஷர் இருப்பதால் கீழே சிமென்ட் பெஞ்சில் செருப்புக்கும் பைக்கும் காவல். வண்டி மேலே ஏறும்வரை நீலக் கவுன் தெரிந்தது. பிறகு தலைகீழானது. சுதா கண்ணை மூடிக்கொண்டு, முடிந்துவிட்டதா மாமா, முடிந்துவிட்டதா மாமா என்று ஏழெட்டுத் தடவை கேட்டாள். நான் முடிந்த பிறகும் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்தார்கள். பவித்ரா அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போனார்கள். அன்றைக்கு மூன்று தடவை. மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, அரை மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் பெரிய விளையாட்டுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். உள்ளே சாப்பாடு ஒருவருக்கு 280 ரூபாய், ருசி எதிர்பார்க்காதீர்கள். மாற்றுத் துணி இரண்டு செட் வையுங்கள். லாக்கருக்கு முன்பணம் கேட்பார்கள், சீட்டைத் தொலைக்காதீர்கள். முதியவர் டிக்கெட்டுக்கு ஆதார் காட்ட வேண்டும். என் முகத்தைப் பார்த்தே தெரியாதா என்று கேட்டேன், தெரியாதாம்.

புதன்கிழமை அதே வழியில் திரும்பினோம். செங்கம் வளைவில் ஜாபர் பாய் கேட்காமலே வண்டியை நிறுத்தினார். ஊருக்கு வந்ததும் வீட்டுக்குப் போகாமல் முதலில் திரைச்சீலைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முழுதும் கேட்டுவிட்டு, இதையும் நாலு பேர் முன்னால் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பார்க்குக்காரர்களை விட மேல்.

ஆக, நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஊத்தங்கரைப் பெண், ஜாபர் பாய், திரைச்சீலைக் கடைக்காரர். என் தப்பைக் கேட்டிலேயே நிறுத்திக் காட்டியதற்கு அந்தக் கம்பத்துக்கும் ஒரு கும்பிடு. போகாமல் இருந்திருந்தால் இரண்டு வருஷம் கழித்து இன்னொரு சின்னக் கவுன் வந்திருக்கும். நானும் அதே டீக்கடையில் அதே கதையைச் சொல்லியிருப்பேன். இதுமாதிரி திட்டம் போடுகிறவர்கள் முதலில் 90 ரூபாய்க்கு ஒரு இரும்பு டேப் வாங்குங்கள். பிள்ளை தன் உயரத்தைச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

குமரவேல் குவைத்துக்குத் திரும்பிவிட்டான். போன வாரம் போனில் மகளின் அளவைக் கேட்டான். பவித்ரா நிலைப்படியில் நின்றாள், நான் டேப்பை இழுத்தேன். "அளவ அவளே படிக்கட்டும், நீங்க டேப்ப மட்டும் புடிங்க" என்றான். நூற்று நாற்பத்து மூன்று என்று படித்தாள். புதுக் கவுன் அனுப்புகிறானாம். கூடவே எனக்கும் ஒரு சட்டை. என் அளவை மட்டும் அந்தப் பழைய ஸ்கேலிலேயே எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான்.

பவித்ரா எடுத்து அனுப்பியும் விட்டாள். வரட்டும். டீக்கடைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.