எல்லாப் பாடத்துக்கும் ஒரே ரூல்தடி

எனக்கு அந்த வயதில் மூக்குக்கு மேல் கோபம் வரும். பி.ஏ. முடித்தும் வேலை கிடைக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள். தருமபுரியில் ஓர் அறை பிடித்து, இன்டர்மீடியட் தவறியவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். நான்கு பேர், எல்லோரும் மீசைக்காரர்கள்.

கணக்குக்கு என் வழி லேசானது. சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருவதுபோல் நான் ஒரு வரி சொல்வேன், அவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் ரூல்தடியால் விரல் முட்டியில் ஒன்று. சூத்திரங்கள் மளமளவென்று மண்டையில் ஏறின. அந்தத் திமிரில் பௌதிகம், சரித்திரம், தர்க்கம் எல்லாவற்றையும் அப்படியே நடத்தினேன். தினமும் யாராவது ஒருவன் கை வீங்கித்தான் வெளியே போவான்.

நல்லம்பள்ளிக்காரன் ஒருவன் மூன்றாம் முறையாகப் பரீட்சை எழுதவிருந்தான். இதிலும் தவறினால் படிப்பு அவ்வளவுதான் என்று அவன் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் அவன் கேட்டான்:

"சார், பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் ஆறையும் தலைகீழா சொல்றனுங்க. அதுல எது பெரிய காரணம்னு கேட்டா என்னங்க எழுதறது?"

எனக்கும் அது தெரியாது. அதுதான் உறைத்தது.

"எதுத்தாப் பேசற?" என்று தடியை ஓங்கி இறக்கினேன். மேசைமேல் இருந்த அவன் வலது கையில் இரண்டு விரல் படக்கென்று முறிந்தன. அவன் இடது கையால் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான், மறுபடியும் மோதினான். என் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். மற்ற மூவரும் விலக்கிவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வைத்தியர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். மறுநாளிலிருந்து நானே அவன் வீட்டுக்கு நடந்தேன். எழுத முடியாததால் வெறும் பேச்சுதான்.

"நீ அந்த ஊர்க் குடியானவனா இருந்தா எதுக்குக் கடப்பாரைய தூக்குவ?" என்று கேட்டேன். ஆறு காரணத்தில் நாலைத் தள்ளிவிட்டு, வரியையும் ரொட்டியையும் பிடித்துக்கொண்டு என்னோடு சண்டை போட்டான். பௌதிகத்துக்கு அவர்கள் கிணற்றில் மாடு நீர் இறைப்பதைப் பார்த்துக்கொண்டே பேசினோம். தர்க்கத்துக்கு ஊர்ப் பஞ்சாயத்து வழக்குகள். பாடத்துக்குப் பாடம் வழி வேறு என்பதை, வெட்கங்கெட்டவன், அப்போதுதான் கற்றேன்.

சேலம் போய் எழுதிவிட்டு வந்தான். கேள்வித்தாளை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் வாயால் விடை சொன்னான், ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் பேனா பிடிக்க முடியாமல் ஒவ்வொரு தாளிலும் பாதிதான் எழுதியிருந்தான். தவறிவிட்டான்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் அப்பா உழுதுகொண்டிருந்தார். மாட்டை நிறுத்தாமலே சொன்னார்:

"படிப்பு போனாப் போவுதுங்க வாத்தியாரே. மேழி புடிக்கக்கூட அந்தக் கை மடங்க மாட்டேங்குதே."