மோர் குடித்த பிக்கப்: கீழ்பென்னாத்தூரிலிருந்து செங்கம் ரோடு வரை

இந்தப் பதிவை எழுத வைத்தது ஒரு போட்டோ. போன வாரம் என் மகள் போனில் காட்டினாள். செங்கம் ரோட்டோரம் ஒரு பச்சை நிற அமெரிக்கன் பிக்கப், பானட் திறந்திருக்கிறது. பக்கத்தில் குடத்தோடு ஒரு ஆள் நிற்கிறார். தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அருகே ஊன்றுகோல். கீழே எழுதியிருந்தது இது: "திருவண்ணாமலை, எண்பதுகள். நடக்க முடியாத தங்கைக்காக அண்ணன் வீட்டிலேயே சரிசெய்த வண்டி. தங்கையைக் கிரிவலம் அழைத்துவந்த பாசம்!" அதற்கும் கீழே ஒரே கைகூப்பும் பொம்மைகள். இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம். எனக்கு வந்த எரிச்சலில் கையில் இருந்த காபி ஆறியே போய்விட்டது.

அந்தப் பெண் நான். பெயர் மல்லிகா. நிற்பவர் என் அண்ணன் ஏழுமலை. அன்றைய பயணத்தை நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். பழைய வண்டியைத் தேற்றி அதிலேயே திருவண்ணாமலை போய்வர ஆசைப்படுகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் வண்டி. கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் பல வருடமாகக் கிடந்தது. உள்ளே கோழி அடைந்து முட்டை வைத்திருந்தது. ஐம்பதுகளின் மாடல், பெட்ரோல் இன்ஜின், கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும். மில்காரர் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார். மாட்டைக் கட்டி இழுத்துவந்து எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் நிறுத்தினோம். தெருவே சிரித்தது.

எனக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் போனது. ஆனால் கிணற்றடி ஆயில் இன்ஜினைப் பதினைந்து வயதிலிருந்து நான்தான் பிரித்து மாட்டுவேன். வண்டிக்கடியில் போக மற்றவர்கள் யோசிப்பார்கள், எனக்குத் தரையில் நகர்வது குழந்தையிலிருந்தே பழக்கம். இன்ஜின் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் ஊறவிட்டு, கைப்பிடி போட்டு அண்ணனைச் சுற்றச் சொன்னேன். கால் சுற்று, பிறகு அரைச் சுற்று. ஒருநாள் முழுசாகச் சுற்றியது. அண்ணன் அந்த வேகத்தில் பின்னால் விழுந்தார்.

அண்ணனின் பங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூக்குவது, பிடிப்பது, பஸ் ஏறித் திருவண்ணாமலை பழைய சாமான் கடைக்குப் போய் வருவது எல்லாம் அவர்தான். முதல் மூன்று முறையும் தப்பான சாமானோடு வந்தார். அதற்கப்புறம் நான் உடைந்த பாகத்தைப் பழைய பேப்பரில் வைத்து அச்சு வெட்டிக் கொடுத்துவிடுவேன். கடைக்கார பாய் அந்தப் பேப்பரைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார். தரைத் தகடு முழுக்கத் துருப்பிடித்து ரோடு தெரிந்தது. கேஸ் வெல்டிங்காரரை வீட்டுக்கே வரவழைத்து ஒட்டுப் போட்டோம். பின்பக்கத்துக்குப் புதுப் பலகை அடித்து, கேன் சாயாமல் இருக்க ஓரமெல்லாம் சங்கிலி வளையம் வைத்தேன்.

முக்கியமான வேலை கிளச். இடது கால் இல்லாதவள் கிளச்சை எதால் மிதிப்பது? ஆக்சிலேட்டர் பெடலையே எடுத்துவிட்டேன். உடைத்துப் போட்ட ஒரு டிராக்டரின் கைத் திராட்டில் லீவரை ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தினேன். பெட்ரோல் கையில், கிளச்சும் பிரேக்கும் வலது காலில். கிளச் பெடலை வளைத்து பிரேக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். கதவோரம் பிடித்து ஏற ஒரு கம்பி. வயலில் நாலு மாதம் ஓட்டிப் பழகி, வேலூர் போய் லைசென்ஸும் வாங்கினேன். அதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. அண்ணன் ஒருதரம் டிராக்டரை மோட்டார் கொட்டகைக்குள் விட்டதிலிருந்து ஸ்டியரிங் பக்கமே போக மாட்டார்.

வண்டி ஓடியது, லோடுதான் கிடைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அடுத்த வாரம் சொல்கிறோம் என்பார்கள். அந்த வாரம் வரவே வராது. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாதக் கடைசிக்குள் நிரந்தரமாக ஒரு லோடு கிடைக்காவிட்டால் அவருக்கே கொடுத்துவிடுவது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

அப்போதுதான் செங்கம் ரோட்டில், ஆசிரமப் பகுதி தாண்டி, அன்னதானம் போடும் ஒரு மடத்தின் மேனேஜர் அண்ணனிடம் பேசினார். வழக்கமாகத் தயிர் கொண்டுவரும் வேன்காரர் விசேஷ நாளில் ஆள் ஏற்றப் போய்விடுகிறாராம். சித்ரா பௌர்ணமி அன்று பன்னிரண்டு மணிப் பந்திக்குள் தயிரும் வாழை இலையும் வந்து சேர்ந்தால் இனி தினமும் எங்கள் வண்டிதான். வண்டியை யார் ஓட்டுவார் என்று அவர் கேட்கவில்லை, அண்ணனும் சொல்லவில்லை.

பௌர்ணமியன்று காலை எட்டரைக்குக் கிளம்பினோம். எட்டு கேன் தயிர், மேலே இலைக்கட்டு. திருவண்ணாமலை நுழைவில் அவலூர்ப்பேட்டை ரோடு பிரியும் இடம்வரை வண்டி பூப்போல வந்தது. இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அப்புறம்தான் கூட்டம். அப்போதெல்லாம் இன்றைக்கு இருக்கும் கூட்டத்தில் கால்வாசி இருந்தாலே ஜாஸ்தி, ஆனாலும் சித்திரை பௌர்ணமிக்கு ரோடு நிறைந்துவிடும். நடக்கிறவர்களும் வண்டியும் ஒரே ரோடு. முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் சூடேற, கொண்டுவந்த கேன் தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டர் குடித்துவிட்டது. மடத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இருமி இருமி நின்றது. மணி பத்தேமுக்கால்.

என்ன கோளாறு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்பைச் சுற்றி ஈரத்துணி போட்டுக் குளிரவைத்தால் சரியாகிவிடும். பின்னால் எட்டு கேன் தயிர் இருக்கிறது, கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தயிர் பந்திக்குப் போக வேண்டியது, அதைத் தொடக் கூடாது. அண்ணன் தண்ணீர் தேடிப் போனார். நான் இறங்கி, ரோட்டோரம் துணி விரித்து, ஸ்பானரெல்லாம் பரப்பி, பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊன்றுகோல் பக்கத்தில் கிடந்தது.

டங் என்று ஒரு சத்தம். ரிங் ஸ்பானர் மேல் ஒரு பத்து பைசா.

நிமிர்வதற்குள் போட்டவர் போய்விட்டார். பௌர்ணமியன்று மலை சுற்றுகிறவர்கள் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் சாமியாருக்கும் இல்லாதவருக்கும் காசு போட்டுக்கொண்டே போவார்கள், சரி. என் கை முழுக்க கிரீஸ். எதிரே இன்ஜின் திறந்து கிடக்கிறது. இதில் எதுவும் கண்ணில் படாமல் அந்த ஊன்றுகோல் மட்டும் எப்படிக் கண்ணில் பட்டது? அடுத்து ஒரு அம்மா தன் பெண் குழந்தை கையில் காசைக் கொடுத்து, "போடு கண்ணு, புண்ணியம்" என்றாள். அப்புறம் வரிசையாக விழ ஆரம்பித்தது. வேட்டி கட்டிய ஒருவர் புளியோதரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் டூல்ஸ் நடுவில் வைத்தார்.

"ஐயா, நான் வண்டிய ரிப்பேர் பண்ணிக்கினு இருக்கேங்க."

"பண்ணும்மா, யாரு வேணாம்னா? சாப்ட்டுட்டுப் பண்ணு. டிரைவர் எங்க போய்ட்டாரு?"

"நான்தாங்க டிரைவர்."

அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெயில் ஜாஸ்தியா இருக்குது, நெழல்ல உக்காரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெயிலில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார்! ஸ்பானரைத் தூக்கி எறியாமல் இருந்ததற்குக் காரணம், அது அரை இஞ்ச் சைஸ், அந்த அளவில் வேறு இல்லை என்பதுதான்.

எதிரே ஒரு மோர்ப் பந்தல். அங்கிருந்து ஒருவர் சொம்போடு என்னிடம் வந்தார்.

"தண்ணி இருக்குதுங்களா?" என்றேன்.

"தண்ணி இன்னாத்துக்கு? மோர் குடிம்மா, உனக்குன்னு கொண்டாந்தேன்."

"தண்ணிதாங்க வேணும். ஒரு சொம்பு போதும்."

"பானைத் தண்ணியெல்லாம் மோர்ல ஊத்தியாச்சு. குடி, பாவம்."

பாவம்! மணி பதினொன்று தாண்டிவிட்டது, அண்ணனைக் காணோம், பழைய இரும்புக்காரர் முகம் கண் முன்னால் வந்து நிற்கிறது. சொம்பை வாங்கினேன். துண்டைப் பம்பு மேல் சுற்றி, மோரை மெதுவாக அதன் மேல் ஊற்றினேன். கறிவேப்பிலை இன்ஜின் ஓரமாக ஒட்டிக்கொண்டது.

"இன்னாம்மா இது! குடிக்கக் குடுத்தா இன்ஜினுக்கு ஊத்துற!"

"வண்டிக்குத்தாங்க தாகம். இன்னொரு சொம்பு குடுங்க."

"தர்மத்துக்கு வெச்சதும்மா அது!"

"நானும் தர்மமாத்தான கேக்குறேன்? இன்னிக்கு இல்லன்னு சொல்லலாமா?"

முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாவது சொம்பும் ஊற்றிவிட்டுக் காத்திருந்தபோதுதான் அண்ணன் எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். அந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் அப்போது எடுத்ததுதான் அந்தப் போட்டோ. சுற்றி நின்றவர்கள் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். "தங்கச்சிக்கு மலை சுத்திக் காட்ட வண்டியிலயே கூட்டிக்கினு வந்தியா? நீ நல்லா இருப்பேப்பா." அண்ணன் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். காசு போட்டவர்கள் மேல் வந்ததைவிட அந்தத் தலையாட்டல் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

குடத்துத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றச் சொன்னேன். குழாயை மாட்டினேன். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரைத் தட்டினேன். மூன்றாவது தட்டில் பிடித்தது. டூல்ஸையும் புளியோதரைப் பொட்டலத்தையும் பையில் போட்டு அண்ணன் துணியை உதறியபோது சில்லறையெல்லாம் ரோட்டில் சிதறியது. அவர் பொறுக்கப் போனார்.

"அண்ணா, ஏறு," என்றேன். ஏறினார்.

பதினொன்று நாற்பதுக்கு மடத்து வாசலில் நிறுத்தினேன். நான் இறங்கி வண்டியின் ஓரப் படியில் உட்கார்ந்து கேன் கட்டிய சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வெளியே வந்தார். நேரே அண்ணனிடம் போனார். "சபாஷ் ஏழுமலை! சொன்ன நேரத்துக்குக் கொண்டாந்துட்டே." பிறகு என்னைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "இந்தப் பொண்ணுக்கு மொதப் பந்தியில ஓரமா ஒரு எலை போடுங்கப்பா."

நான் கொண்டுவந்த இலை, நான் கொண்டுவந்த தயிர். எனக்கு ஓரமாக ஒரு இடம்!

வாயைத் திறப்பதற்குள் அவரே, "ஏழுமலை, வண்டிய பின்னாடி சமையக்கட்டு வாசலுக்கு எடுத்துக்கினு வா," என்றார். அண்ணன் நகரவில்லை. என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. தங்கச்சிதான் ஓட்டும். வண்டிய ரெடி பண்ணதும் அதுதான்."

அன்று முழுக்க அவர் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். கம்பியைப் பிடித்து ஏறினேன். பந்திக்குக் காத்திருந்த வரிசைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் பின்பக்கமாகவே ஓட்டிப் போய்ச் சமையல்கட்டு வாசலில் நிறுத்தினேன். மேனேஜர் கூடவே நடந்து வந்தார். இறங்கும் கேன்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றார்.

"சரி, தெனமும் தயிர் லோடு ஏழுமலை பேர்லயே எழுதிக்கிறேன்," என்றார் கடைசியில்.

"என் பேர்ல எழுதுங்க. இல்லன்னா நாளைக்கு வேற வண்டி பாத்துக்குங்க."

சொல்லிவிட்டேன். அவர் முடியாது என்றால் வண்டி இரும்புக் கடைக்குத்தான். உள்ளே முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. யாரோ தயிர் கேட்டுக் குரல் கொடுத்தார்கள்.

"பேரு இன்னா?"

"மல்லிகா."

"நாளைக்குப் பதினோரு மணிக்கெல்லாம் வந்துடணும், மல்லிகா."

திரும்பும் வழியில் அந்தப் புளியோதரைப் பொட்டலத்தை நானும் அண்ணனும் பிரித்துச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. எனக்குச் சோற்றின் மேல் கோபம் இல்லை. அந்த லோடு எட்டு வருடம் ஓடியது. எட்டு வருடமும் மலை சுற்றுகிறவர்களில் யாராவது ஒருவர் டிரைவர் எங்கே என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

பழைய வண்டியில் போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் ஊரைக் கடந்துவிடுங்கள், பௌர்ணமியைத் தவிருங்கள். தண்ணீர் இரண்டு கேன் வையுங்கள், ஒன்றை ரேடியேட்டர் கண்ணில் காட்டாதீர்கள். பருத்தித் துண்டு ஒன்று கட்டாயம். மோர் பம்புக்கு வெளியே மட்டும், ரேடியேட்டருக்குள் ஊற்றிவிட்டு என்னிடம் வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவுங்கள், நாறும். நடந்து போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: ரோட்டோரம் ஒருவர் டூல்ஸ் பரப்பி உட்கார்ந்திருந்தால் பையில் சில்லறை தேடாதீர்கள். என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

போட்டோ போட்டவருக்கு: வண்டியைப் பார்த்துப் பெருமைப்பட்டதற்கு நன்றி. எழுதியதை மட்டும் மாற்றிவிடுங்கள். குடத்தோடு நிற்பவருக்கு ஓட்டத் தெரியாது. தரையில் உட்கார்ந்திருப்பவள்தான் டிரைவர்.