இன்ஷிராஹ் மண் போட்டு மூடிய கட்டம்

மத்தியதரைக் கடலில் ஒரு சதுர கிலோமீட்டரை டாக்டர் இன்ஷிராஹ் தனியாளாக மண் போட்டு மூடினாள். லாரி கிடையாது, ஆள் கிடையாது. ஒன்று என்றிருந்த இடத்தில் பூஜ்யம் என்று தட்டினாள், அவ்வளவுதான். கடல் தரையாகிவிட்டது. அதற்காக அலெக்சாந்திரியாவில் அவளுக்கு டாக்டர் பட்டமும் கொடுத்தார்கள்.

அவள் தொழில் அப்படி. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கம்ப்யூட்டருக்குள் வைத்தால், ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்துக்குத் தண்ணீர் தள்ளும். புயல் அடித்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். கல்யாணமான புதிதில் கணவர், "உன் கடல்ல மீன் இருக்குமா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அதோடு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

அவள் வேலை பார்த்த கடல் ஆய்வு நிறுவனத்தில் அப்போது உருப்படியான கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதில் துறைத் தலைவர் டாக்டர் ஷௌகத் காலையெல்லாம் சீட்டு விளையாடுவார். மதியம் ரொட்டியும் அவரைப் பருப்பும் ஒரு கட்டு கட்டிவிட்டு அவர் கண்ணயர்ந்த பிறகுதான் இன்ஷிராஹின் கடல் ஓடும். பட்டம் வாங்கப் பதினோரு வருஷம் ஆனதில் என்ன ஆச்சரியம்?

பதினோராவது வருஷம் மாடல், அதாவது அந்தக் கம்ப்யூட்டர்க் கடல், வெடித்தது. வெடிப்பது என்றால் புகை ஒன்றும் வராது. எண்களுக்குப் பைத்தியம் பிடித்துக் கணக்கு நின்றுவிடும். வெடித்தது எப்போதும் ஒரே கட்டத்தில். கூம் அல்-மில்ஹ் என்ற மீனவ ஊரில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் அது. அங்கே தண்ணீர் விமான வேகத்தில் பாய்கிறது என்றது கம்ப்யூட்டர்.

"அங்க மண்ணைப் போட்டு மூடும்மா," என்றார் ஷௌகத், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சார், அங்க நிஜமாவே முகத்துவாரம் இருக்கே."

"உனக்குப் பட்டம் வேணுமா, முகத்துவாரம் வேணுமா?"

மூடினாள். மாடல் சமர்த்தாக ஓடிப் படம் வரைந்தது. சிவப்பு என்றால் மூழ்கும், பச்சை என்றால் பயமில்லை. தண்ணீர் நுழைய வழியில்லாத கூம் அல்-மில்ஹ் பச்சைப்பசேலென்று இருந்தது. அந்தப் படம் கட்டுரைக்குக் கட்டுரை தாவிக் கடைசியில் அரசு அறிக்கைக்குள் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. இருபத்துமூன்று வருஷத்தில் இன்ஷிராஹ் அதை மறந்தே போனாள்.

அவள் ஓய்வுபெற ஆறு வாரம் இருக்கும்போது, கூம் அல்-மில்ஹில் மீன் விற்கும் நபவிய்யா, வாசல் காவலரை அதட்டி ஒதுக்கிவிட்டு மாடியேறி வந்தாள். கடலோரம் கட்டப்போகும் தடுப்புச் சுவர் அவள் ஊருக்குக் கிடையாதாம். படம் பச்சையாக இருப்பதுதான் காரணம். படத்தை மேஜையில் விரித்தாள்.

"டாக்டரம்மா, நல்லா இருப்பீங்க, எங்க முகத்துவாரத்தை இதுல கொஞ்சம் காட்டுங்க."

இன்ஷிராஹ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினாள்.

"இல்லல்ல? தினம் இருநூறு படகு அது வழியாத்தான் போகுது. என் புருஷன் என்ன மணல்லயா துடுப்புப் போடுறாரு? போன குளிருக்குத் தண்ணி என் கட்டிலுக்கு அடியில நின்னுச்சு. கோழியெல்லாம் மிதந்துச்சு. பச்சையாம் பச்சை!"

இன்ஷிராஹுக்கு நினைவு வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் பட்டமும் பதினான்கு கட்டுரைகளும் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் இவள் வீடு போகும்.

அடுத்த வாரம் சுவர்க் குழு கூடியது. தலைவர் சாட்சாத் ஷௌகத்தேதான். எண்பதை நெருங்கியும் நாற்காலியை விடவில்லை. அழைக்காமலே வந்த நபவிய்யா பின்வரிசையில் இருந்தாள். இன்ஷிராஹ் எழுந்து, அந்தக் கட்டத்தைத் தானே மூடியதாகச் சொன்னாள்.

"போற நேரத்துல என்னம்மா இது? பேசாம கேக் வெட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றார் ஷௌகத்.

சுவர்ப் பொறியாளர் ரிஃபத் மட்டும் உற்சாகமானார். "இதுக்கா இவ்வளவு கலவரம்? முகத்துவாரத்தைக் கான்கிரீட் போட்டு நிஜமாவே அடைச்சிடலாம். படமும் சரியாயிடும்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஷௌகத் கையெழுத்துத் தாளை இன்ஷிராஹ் பக்கம் நகர்த்தினார்.

"அடப் பாவிகளா! அப்புறம் படகைத் தலையில தூக்கிட்டா கடலுக்குப் போறது?" என்று நபவிய்யா கத்தினாள்.

இன்ஷிராஹ் தாளைத் திருப்பித் தள்ளினாள். "போடமாட்டேன். அந்தக் கட்டத்தைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டுறேன். ஒரு மாசம் குடுங்க."

"வெடிக்குமே!"

"வெடிக்கட்டும் சார். ஏன் வெடிக்குதுன்னு அன்னைக்கே பாத்திருக்கணும்."

படம் அவளுடையது என்பதால் அவள் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது. எனவே ஒரு மாதம் கிடைத்தது.

அங்கே வாரத்தின் முதல் வேலை நாளான ஞாயிற்றுக்கிழமை காலை பூஜ்யத்தை ஒன்றாக்கினாள். ஏழாவது நிமிடம் மாடல் வெடித்தது. நபவிய்யா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"செத்துருச்சு. உங்க முகத்துவாரம் எத்தனை ஆழம்?"

"என் புருஷன் எறங்கி நின்னா கழுத்து வரைக்கும் வரும்."

இன்ஷிராஹ் பழைய கோப்பைத் திறந்தாள். ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து சென்டிமீட்டர் என்று இருந்தது. ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. ஓர் ஏரித் தண்ணீரைச் சாண் ஆழத்துக்குள் நுழையச் சொன்னால் எந்தக் கடல்தான் வெடிக்காது? அந்தப் புள்ளியைத் தட்டியதும் அவள் விரல்தான்.

"இதை அப்பவே யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்போமே," என்றாள் நபவிய்யா.

இன்ஷிராஹ் எண்ணைத் திருத்தி ஓட்டினாள். ஒரு மாதம் கேட்ட வேலை மதியத்துக்குள் முடிந்தது. முகத்துவாரம் வழியே தண்ணீர் ஏறி, கூம் அல்-மில்ஹ் தெருத் தெருவாகச் சிவந்தது. படத்திலேயே முகத்துவாரம் வந்துவிட்டதால் அதை அடைக்கக் காரணமில்லை. இனி ரிஃபத் அங்கே சுவரும் வைத்தாக வேண்டும், படகுக்கு வழியும் விட்டாக வேண்டும். தன் வீடு மூழ்குவதைத் திரையில் பார்த்த நபவிய்யா எழுந்து நின்று, கல்யாண வீட்டில் இடுவதுபோல நீளமாகக் குலவையிட்டாள்.