ஹெலனின் ஐந்தாவது பள்ளிக்கூடம்

கும்மிடிப்பூண்டி அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது ஹெலனுக்குப் பதினாலு வயது. அது அவளுடைய ஐந்தாவது பள்ளிக்கூடம். அப்பா சாம்சன் ராணுவத்தில் ஹவில்தார். மாற்றல் வரும்போதெல்லாம் ஜபல்பூர், பட்டிண்டா என்று குடும்பமும் கூடவே போனது. இந்த முறை குடும்பத்தை அழைத்துப்போக முடியாத எல்லைப்பகுதியில் போட்டுவிட்டார்கள். அம்மா மெர்சி மகளோடு சொந்த ஊருக்கு வந்து, தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள்.

புது வகுப்பு என்றால் ஹெலனுக்குப் பயமில்லை. நுழைந்ததும் எந்தப் பெஞ்சில் இடம் இருக்கிறதென்று பார்ப்பாள், போய் உட்கார்ந்துவிடுவாள். இங்கே திலகவதி பக்கத்தில் இடம் இருந்தது. சிக்கல் தமிழில்தான். பேசுவாள், எழுத வராது. காலாண்டுத் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று.

தலைமையாசிரியை தன்மையாகத்தான் சொன்னார்: “அடுத்த வருசம் பப்ளிக் எக்ஸாம்மா. ஒரு வருசம் எட்டாவதுல உக்காந்து நல்லா எழுதக் கத்துக்கோ.”

“எத்தனையோ ஊர்ல முதல்லேர்ந்து ஆரம்பிச்சிட்டேன் மேடம். எங்கயும் கீழ் கிளாஸ்ல உக்காரல. இங்கயும் மாட்டேன்.”

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நேராகத் திலகவதியிடம் போனாள். “நீ எனக்குத் தமிழ் டிக்டேஷன் போடு. நான் உனக்குக் கணக்கு சொல்லித் தரேன்.”

“நான் இன்னா டீச்சரா?” என்று சிரித்தாள் திலகவதி. “சரி. ஒரு தப்புக்குப் பத்து வாட்டி எழுதணும். அழுவக் கூடாது.”

தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். லகர ளகரம் ஹெலனைப் படாதபாடு படுத்தியது. ஒரே வாரத்தில் ஒரு நோட்டு தீர்ந்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய நேரத்தில் சாம்சனிடமிருந்து போன் நின்றுபோனது. பதினோரு நாள். எல்லையில் துப்பாக்கிச் சண்டை என்று டி.வி.யில் சொன்னதிலிருந்து மெர்சி வேலைக்கும் போகவில்லை.

“எப்பிடிடி உன்னால படிச்சிகினு உக்கார முடியுது? நெஞ்சுல ஈரமே இல்லியா?”

ஹெலனுக்குச் சுரீர் என்றது. எழுந்துபோய் டி.வி.யை அணைத்தாள். “டாடி போன் பண்ணா முதல்ல இன்னாம்மா கேப்பாரு? எக்ஸாம் எழுதினியான்னுதான? எழுதலன்னு சொல்லச் சொல்றியா?”

ஹெலன் சோற்றைப் போட்டு வந்து, அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு நோட்டைத் திறந்தாள். கண்ணீர் விழுந்து கலைந்த சொல்லைத் துடைத்துவிட்டு, அதே சொல்லைத் திரும்ப எழுதினாள்.

தமிழ்த் தேர்வு எழுதிய மறுநாள் காலையில் சாம்சன் போனில் வந்தார். மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு அழ, ஹெலன்தான் பேசினாள். தேர்வு முடிவில் ஹெலனுக்குத் தமிழில் அறுபத்தெட்டு வந்தது. திலகவதி கணக்கில் தேறினாள்.

இப்போது ஹெலன் பிளஸ் ஒன். போன மாதம் சாம்சனுக்குப் புது ஆர்டர் வந்தது. குவார்ட்டர்ஸ் உண்டு, குடும்பத்தோடு இருக்கலாம். ஆசையாகக் கூப்பிட்டார்.

“எனக்கும் உங்ககூட இருக்கணும்தான் டாடி. ஆனா பிளஸ் டூ இங்கயே முடிக்கிறேன். இந்த வாட்டி ஸ்கூல் மாற மாட்டேன்.”

“சரி, இரு. ஆர்டர் எனக்குத்தான வந்திருக்கு, உனக்கு இல்லியே” என்றார் சாம்சன்.