மதலைமுத்து கலக்கிய மஞ்சள்

முதலில் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார் மதலைமுத்து. ஈரம் இல்லையென்றால்தான் வெள்ளையடிக்கும் மட்டையை எடுப்பார். பிறகு ஒரே கேள்வி: "வேல வெயில்லயா, நெழல்லயா?" வெயிலில் காய்கிறவர்களுக்கு நீலம், நிழலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மஞ்சள். வலங்கைமான் வட்டாரத்தில் இருபது வருஷமாக இதுதான் அவர் சட்டம். தையற்காரர் ஒருவர் நீலம் கேட்டபோது, "காச்சக்காரரு மாரி தெரிவீங்க, வேணாம்" என்று மஞ்சளையே அடித்துவிட்டு வந்த மனிதர். கட்சி நிறங்களில் தெருச்சுவரில் எழுதுவதோடு சரி, அவற்றை அறைக்குள் விடமாட்டார்.

மூக்கு நுனியில் எப்போதும் ஒரு சுண்ணாம்புப் பொட்டு இருக்கும். துடைக்கச் சொன்னால், "அதாங்க என் போர்டு" என்பார்.

இந்த ஐப்பசியில் எல்லையம்மாள் வீட்டுக்குக் கூப்பிடாமலே போனார். முன்பு கூலிப் போராட்டத்தில் சுவரெழுத்து எழுதியதற்காகப் போலீஸ் தேடியபோது, அவரை இரண்டு நாள் குடிசையில் ஒளித்து வைத்துச் சோறு போட்டவள் அவள். மிராசுதார் மனையில் இருந்தவரை அவள் சுவரில் சுண்ணாம்பு படக்கூடாது என்பது பண்ணை உத்தரவு. இப்போது மனைப்பட்டா அவள் பெயருக்கே வந்து, ஓர் அறை எழுப்பியிருக்கிறாள். அதன் முதல் நிறம் அவளுக்குப் பிடித்ததாக அமைய வேண்டும். காப்பாற்றியவளுக்குச் செய்ய அவரிடம் வேறென்ன இருக்கிறது?

இந்த முறை கேள்வியே கேட்கவில்லை. வயலில் நிற்கிறவளுக்கு வெயில்தானே! அவள் நடவுக்குப் போனதும் ஒரு சுவரை நீலமாக்கிவிட்டார்.

சாயங்காலம் தூறலில் நனைந்து வந்தாள். "நல்லாருக்கு தம்பி. நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்." சொல்லும்போதே பற்கள் தந்தியடித்தன.

மதலைமுத்து அவள் கால்களைப் பார்த்தார். நாளெல்லாம் சேற்றில் ஊறி வெளுத்து, விரலிடுக்கெல்லாம் புண்.

"உள்ளதச் சொல்லுங்கக்கா. புடிக்கலியா?"

"புடிக்காம என்ன... தண்ணிக்குள்ளேருந்துதான் வர்றேன். இதப் பாத்தா திரும்ப வாய்க்கால்ல எறங்குன மாரி இருக்கு."

தலையில் அடித்துக்கொண்டார். "இருவது வருசமா வெயில மட்டுந்தாங்க்கா கேட்டிருக்கேன். தண்ணியில நிக்கிறவங்கள நெனைக்கவே இல்ல."

உடனே மஞ்சள் கலக்க உட்கார்ந்தார். நிறம் கையில் ஒட்டாமலிருக்க வஜ்ஜிரப் பசையைக் கரைத்து ஊற்ற வேண்டும். அதற்கு வெந்நீர் வைத்தார். கொதி வந்ததும் பாதியை ஒரு சட்டியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விளாவி, உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல கால வைங்கக்கா."